தராசுக்கு இழுவை தெரியாது

எங்கள் பாடசாலையின் பௌதிகவியல் ஆய்வுகூடத்தில் இருந்த தராசுகள் எல்லாம் ஒரே வருடத்தில் பொய் சொல்லத் தொடங்கின. ஒரு கிலோப் படிக்கல்லை ஒரு தராசு குறைத்துச் சொன்னது, பக்கத்தில் இருந்த தராசு கூட்டிச் சொன்னது. கடலோடு சேரும் களப்பிலிருந்து வரும் உப்புக் காற்று இரும்பைத் தின்னும்போது அது பாடசாலை இரும்பா கடை இரும்பா என்று பார்ப்பதில்லை. புதிய தராசுகள் கேட்டுக் கல்வி அலுவலகத்துக்கு நான் எழுதிய கடிதங்களுக்கு, கடிதம் கிடைத்தது என்று அறிவிக்கும் கடிதங்கள் ஒழுங்காக வந்துகொண்டிருந்தன.

செய்முறைப் பரீட்சை நெருங்கிய நேரத்தில் பாடசாலை அதிபர் ஒரு வழி சொன்னார்.

"டீச்சர், மீன் வாடிகள்ல, இறால் பண்ணைகள்ல தராசு திருத்துற ஒருத்தர் இருக்காரு. பள்ளிவாசல்துறை ஆள். கூப்பிடுவமா?"

கூப்பிட்டோம். ஐம்பது வயதை நெருங்கிய மெலிந்த மனிதர், கழுத்துப் பட்டன் வரைக்கும் பூட்டிய சட்டையோடு வந்தார். ஒரு பழைய பிஸ்கட் தகரத்தில் ஆணிகள், விற்கம்பிகள், எண்ணெய்ப் போத்தல். தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரும் விரட்டப்பட்டபோது மன்னாரிலிருந்து குடும்பத்தோடு வெளியேற்றப்பட்டு வந்தவர் என்பதை அவர் பேசத் தொடங்கியதும் நான் கண்டுகொண்டேன். நான் புத்தளத்திலேயே பிறந்தவள். அந்த ஆட்களின் பேச்சில் இருக்கிற மெல்லிய வித்தியாசம் எங்கள் காதுக்கு உடனே பிடிபட்டுவிடும். அதைக் கண்டுபிடிப்பதில் எங்களுக்கு இருக்கிற திறமையைப் பற்றிப் பெருமைப்பட எதுவும் இல்லை.

இரண்டு மணித்தியாலத்தில் ஆறு தராசுகளையும் உண்மை பேச வைத்தார். தகரத்தை மூடப் போனவர், மூடாமல் நின்றார்.

"டீச்சர், ஒண்டு கேக்கட்டுமா? இந்த விற்றராசு என்னத்த காட்டுது?"

"பூமி அந்தச் சாமானை எவ்வளவு பலமா இழுக்குது எண்டத, நானா."

அண்ணன் முறைக்கு எங்களிடம் நானா. பதில், இருபத்து மூன்று வருடமாக நான் சொல்லிவருவது. அவர் தலையை மெதுவாக ஆட்டினார். அது ஆமோதிக்கும் ஆட்டம் இல்லை.

"முப்பது வருஷமா நான் இதுகளோடதான் கிடக்கிறன். தராசுக்கு இழுவை தெரியாது டீச்சர். தான் அந்தச் சாமானை எவ்வளவு மேல பிடிச்சு வெச்சிருக்கு எண்டு மட்டும்தான் அதுக்குத் தெரியும். பாக்கிறீங்களா?"

மூலையில் கிடந்த சாக்குகளை எடுத்துத் தரையில் அடுக்கினார். சுருள்வில் கொண்ட அந்த விற்றராசில் படிக்கல்லைக் கொழுவி, கதிரையில் ஏறி நின்று, தராசையும் கல்லையும் சேர்த்தே கைவிட்டார். என் கைபேசியில் அதை மெதுவோட்டமாகப் படம் பிடிக்கச் சொல்லியிருந்தார். பார்த்தோம். கையை விட்ட கணத்தில் முள் ஒரு கிலோவிலிருந்து பூச்சியத்துக்குப் பாய்ந்தது. சாக்கில் விழும்வரை பூச்சியத்திலேயே நின்றது.

"விழுகிற நேரம் ஒருத்தரும் அத இழுக்கல்ல. கீழ தரை வந்து தடுத்த பிறகுதான் எடை வருது. அப்ப எடையத் தாறது யாரு? தரை. தரைதான் மேல தள்ளுது. இழுவை எண்டு ஒண்டு இல்லவே இல்ல."

இதில் எனக்குப் புதிதாக எதுவும் இல்லை. உயர்தர வகுப்பில் லிஃப்ட் கணக்குகளை நான் கற்பித்துச் சலித்திருக்கிறேன். லிஃப்ட் மேல்நோக்கி ஆர்முடுகினால், அதாவது வேகம் கூட்டினால், எடை கூடும், கீழ்நோக்கி என்றால் குறையும், கயிறு அறுந்தால் பூச்சியம். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் லிஃப்டைக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் கயிறு அறுந்த லிஃப்டுக்குள் ஒருவருடைய எடை என்ன என்று நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். ஈர்ப்பு ஒரு விசையே இல்லை என்பதும், விழுகிற பொருள்தான் சும்மா இருக்கிறது, நிற்கிற நாம்தான் தள்ளப்படுகிறோம் என்பதும் சார்புக் கொள்கையின் முதல் பாடம். அதையும் பல்கலைக்கழகத்தில் எழுதிச் சித்தியடைந்திருக்கிறேன். அது உண்மை என்று ஒருவர் என் முன்னால் கதிரையில் ஏறி நின்று சொல்லும் நிலைமை மட்டும் அதுவரை வந்ததில்லை.

ஆகவே ஓர் ஆசிரியை செய்ய வேண்டியதைச் செய்தேன். அவரை மடக்கினேன்.

"நானா, பூமிக்கு அந்தப் பக்கத்திலயும் ஆக்கள் இருக்காங்க. அவங்கட தரையும் மேல தள்ளுதா?"

"ஓம்."

"ரெண்டு பக்கமும் வெளிய தள்ளிக்கிட்டே இருந்தா, பூமி இவ்வளவு நாளைக்கு ஊதிப் பெருத்திருக்கோணுமே?"

அவர் கதிரையை இருந்த இடத்தில் வைத்தார். பிஸ்கட் தகரத்தை எடுத்தார். "நீங்க சொல்றது சரி டீச்சர். யோசிச்சுப் பாக்கிறன்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் கைத் தூசியைத் தட்டிக்கொண்டு அடுத்த பாடத்துக்குப் போனேன்.

இரண்டு வாரம் கழித்து ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றார். இம்முறை கையில் இரண்டு சீ.ஆர். கொப்பிகள், கெட்டி அட்டை போட்ட குறிப்பேடுகள்.

"விடை கிடைச்சிட்டு டீச்சர். களப்பு வாயிலதான் கிடைச்சிச்சு."

மற்ற ஆசிரியர்கள் பார்த்துக்கொண்டிருக்க, நின்றபடியே விளக்கினார். களப்பு வற்றுகிற நேரம் தண்ணீர் கடலை நோக்கி ஓடும். அந்த ஓட்டத்தில் கட்டாமல் விட்ட வள்ளம் தண்ணீரோடு சேர்ந்து போகும். அதில் இருப்பவனுக்கு எந்த இழுப்பும் தெரியாது. அதே ஓட்டத்தில் நங்கூரம் போட்ட வள்ளம் இருந்த இடத்திலேயே நிற்கும். ஆனால் முன்பக்க அணியத்தில் தண்ணீர் மோதிக்கொண்டே இருக்கும், கயிறு விறைத்து நிற்கும்.

"வெட்ட வெளிதான் டீச்சர் தண்ணி. அது எல்லாப் பக்கத்தாலயும் பூமிக்குள்ள ஓடி வருது. கீழ விழுற சாமான் கட்டில்லாத வள்ளம். நாங்க தரையில நங்கூரம் போட்ட வள்ளம். தரை எங்கள அந்த ஓட்டத்துக்கு எதிரா தள்ளிப் பிடிச்சு வெச்சிருக்கு. பூமி ஊதத் தேவையில்ல. நிண்ட இடத்தில நிண்டுகிட்டே தள்ளலாம்."

"எவ்வளவு வேகத்தில ஓடுது?" என்று கேட்டேன். வேறு எதுவும் உடனே கேட்கத் தோன்றவில்லை.

"அது தெரியாது. சோளகக் காத்த விடக் கூட."

சமயப் பாட ஆசிரியர் சத்தமாகச் சிரித்தார். நானும் கொஞ்சம் சிரித்தேன். கொப்பிகளை வாங்கிக்கொண்டு, வாசித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். முதல் பக்கத்தில் பிஸ்மில்லாஹ் எழுதி, கீழே "நிலம் தள்ளுகிறது" என்று தலைப்பிட்டிருந்தார். ஒரு சமன்பாடுகூட இல்லை. ஆனால் வள்ளங்களை மிக அழகாக வரைந்திருந்தார். நான் அவற்றை வீட்டு அலுமாரியில், பிள்ளைகளின் பழைய அறிக்கைப் புத்தகங்களுக்குக் கீழே வைத்தேன். அந்த அலுமாரியில் எதையும் வைப்பது எளிது.

அவர் விடவில்லை. ஒவ்வொரு வெள்ளியும் அசர் தொழுகைக்குப் பிறகு குரல் செய்தி வரும். "டீச்சர், நான் தராசுக்காரன். வாசிச்சீங்களா? பதினெட்டாம் பக்கத்தில ஒரு பிழை இருக்கு, நானே கண்டுபிடிச்சிட்டன். அத வாசிக்காதீங்க." பதினெட்டாம் பக்கத்தை வாசிக்காமல் இருப்பது எனக்குக் கஷ்டமாக இருக்கவில்லை. முதல் பதினேழையும் அப்படியே விட்டிருந்தேன். செய்தி பார்க்கப்பட்டதைக் காட்டும் நீல அடையாளத்தைக் கைபேசியில் அணைத்துவைத்தேன்.

அந்த வருடம் எங்கள் பாடசாலையில் விஞ்ஞான தினம் கொண்டாடினோம். கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி பிரதம விருந்தினராக வருவதால் ஏதாவது பெரிய விஷயமாகச் செய்ய வேண்டும் என்றார் அதிபர். சார்புக் கொள்கையை விடப் பெரிய விஷயம் என்னிடம் இருக்கவில்லை. துணிக் கடையில் நீளுகிற துணியில் மூன்று யார் வாங்கினேன். நான்கு மாணவிகள் அதை நான்கு மூலையிலும் இழுத்துப் பிடித்தார்கள். விளையாட்டு அறையிலிருந்த இரும்புக் குண்டை நடுவில் வைத்தேன். துணி பள்ளமாகியது. அதுதான் சூரியன் என்றேன். கண்ணாடிப் போளைகளை ஓரத்தில் உருட்டிவிட்டேன். அவை குண்டைச் சுற்றிச் சுற்றி உருண்டன. பெற்றோர் கைதட்டினார்கள்.

"சூரியன் ஒண்டையும் இழுக்கல்ல," என்று ஒலிவாங்கியில் சொன்னேன். "அது விண்வெளிய வளைக்குது. கோள்கள் அந்த வளைவில போகுது. அவ்வளவுதான்."

கேள்வி இருந்தால் கேட்கலாம் என்று சொன்னது என் பிழை. மூன்றாவது வரிசையில், கழுத்துப் பட்டன் வரை பூட்டிய வெள்ளைச் சட்டை எழும்பியது. அவர் வந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. அவருடைய மகளின் பிள்ளை எங்கள் ஆரம்பப் பிரிவில் படித்தது எனக்குத் தெரியாது.

"டீச்சர், அந்தப் போளை ஏன் பள்ளத்துக்குள்ள உருளுது?"

"பள்ளமா இருக்கிறதால."

"பள்ளமா இருந்தா ஏன் உருளோணும்?"

நான் குனிந்து ஒரு போளையைக் கையில் எடுத்தேன்.

"கீழ இருந்து பூமி இழுக்கிறதாலதானே அது பள்ளத்துக்கு இறங்குது? இழுவை இல்லையெண்டு காட்டுறத்துக்கு இழுவையையே பாவிக்கிறீங்களே டீச்சர்? இந்தச் சீலைய விண்வெளிக்குக் கொண்டு போனா போளை உருளுமா?"

உருளாது. அதை நான் அந்த நொடியில்தான் உணர்ந்தேன் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். அந்தத் துணிக் கதையை நான் ஏழெட்டுத் தடவை மேடையில் செய்திருக்கிறேன். முதலில் ஒரு மாணவி சிரித்தாள். பிறகு துணியைப் பிடித்திருந்த நால்வரும் சிரித்தார்கள். துணி குலுங்கியது. சூரியன் உருண்டு போய் அதிகாரியின் சப்பாத்துக்குப் பக்கத்தில் நின்றது.

"நல்ல கேள்வி. நேரம் போதாததால பிறகு கதைப்பம்," என்றேன். நிகழ்ச்சி நிரலில் இன்னும் இருபது நிமிடம் எனக்கென்று ஒதுக்கியிருந்தது.

தேநீர் குடிக்கும்போது அதிகாரி அதிபரிடம் கேட்டார். "அந்தக் கேள்வி கேட்டவர் யார்? ஓய்வு பெற்ற ஆசிரியரா?"

"இல்ல சேர். தராசு திருத்துறவர்."

"ஆ, அப்ப சரி," என்றார் அதிகாரி. நிம்மதியாக இன்னொரு பற்றீஸை எடுத்தார்.

ஓகஸ்ட் விடுமுறையில் அலுமாரியைத் திறந்து கொப்பிகளை எடுத்தேன். நோக்கம் நல்லதல்ல. அவருடைய பிழையைக் கண்டுபிடித்து, சிவப்புப் பேனையால் கோடிட்டு, மரியாதையாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மண்டபத்தில் போனது அப்படியாவது திரும்பி வரட்டும் என்று நினைத்தேன்.

முதல் நாள் பிழை கிடைக்கவில்லை. இரண்டாம் நாளும் கிடைக்கவில்லை. பதினெட்டாம் பக்கத்தில் ஒரு பிழை இருந்தது, ஆனால் அதைத்தான் அவரே சொல்லிவிட்டாரே. நான்காம் நாள் என் பழைய பல்கலைக்கழகக் குறிப்புகளை எடுத்து, அவருடைய ஓட்டத்தைக் கணக்காக எழுதிப் பார்த்தேன். வெளி உண்மையிலேயே பூமிக்குள் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், தரையில் அதன் வேகம் என்ன? கூட்டிக் கழித்துப் பார்த்தபோது நொடிக்குப் பதினொரு கிலோமீற்றர் வந்தது. பூமியை விட்டுத் தப்பிப் போகும் ரொக்கெட்டுக்கு வேண்டிய அதே வேகம். சோளகக் காற்றை விடக் கூடத்தான்.

எனக்குப் பயம் வந்தது. பல்கலைக்கழகத்தில் என்னோடு படித்து, இப்போது வெளிநாட்டில் இதையே ஆராய்ச்சி செய்கிற ஒரு தோழி இருக்கிறாள். கொப்பியின் பக்கங்களைப் படமெடுத்து அவளுக்கு அனுப்பினேன். அடுத்த நாள் காலையில் நான் பாணுக்குச் சம்பல் இடித்துக்கொண்டிருக்கும்போது அழைத்தாள்.

"யாருடி இந்த வள்ளம் கீறுறவர்?"

"தராசு திருத்துறவர். பிழைதானே?"

"பிழையில்லடி. இப்படி ஒரு விளக்கம் ஏற்கெனவே இருக்கு. நூறு வருஷம் இருக்கும். அதே சமன்பாடுகளை வேற விதமா எழுதினா இந்த ஓட்டம்தான் வரும். வளைஞ்ச வெளி எண்டு சொன்னாலும் ஓடுற வெளி எண்டு சொன்னாலும் விடை ஒண்டுதான்."

"அப்ப எது உண்மை?"

அவள் சிரித்தாள். "அத நாங்க கேக்கிறதில்ல. எதில கணக்குச் சுலபமோ அதப் பாவிப்பம்."

உலகத்தின் பெரிய ஆய்வுகூடம் ஒன்றில் வேலை செய்கிறவள், முந்தல் ஊரில் கொப்பறா வாங்குகிற வியாபாரியைப்போலக் கதைத்தாள். நான் சம்பலைப் பாதியில் விட்டுவிட்டு உட்கார்ந்தேன். ஒரு மனிதர் களப்பு வாயில் நின்று தானாகவே யோசித்து அந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார். நான் அதை அறிக்கைப் புத்தகங்களுக்குக் கீழே வைத்திருந்தேன்.

இதை நேரில்தான் சொல்ல வேண்டும் என்று பள்ளிவாசல்துறைக்குப் போகும் கற்பிட்டி பஸ்ஸில் ஏறினேன். தலவில தேவாலயத் திருவிழாக் காலம். பஸ்ஸில் நிற்கவும் இடமில்லை. ஒரு கையால் கம்பியையும் மறு கையால் கொப்பிகளையும் பிடித்துக்கொண்டு, சொல்லப் போவதை ஒத்திகை பார்த்தேன். அவர் அழுதுவிடுவார் என்று நினைத்தேன். என் பெருந்தன்மையை நினைத்து எனக்கே கொஞ்சம் கண் கலங்கியது.

வீட்டு வாசலில் அவருடைய மனைவி என்னைப் பிடித்துக்கொண்டார். கணவர் பின்னால் பட்டறையில் இருந்தார்.

"வாங்க டீச்சர், இரிங்க. உங்களத்தான் பாத்துக்கிட்டு இருந்த. இந்தக் கொப்பிக் கதையோட வந்தீங்களா?"

"ஓம் ராத்தா."

அவர் குரலைத் தாழ்த்தினார். "பிழையெண்டு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க டீச்சர். உங்களுக்குப் புண்ணியமாப் போகும். சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னால இருந்துகிட்டு, சோறு என்னத் தள்ளுதா நான் சோத்தத் தள்ளுறனா எண்டு கேக்கிறாரு. படிச்ச ஆள் ஒருத்தர் பிழையெண்டு சொன்னா விட்டிருவாரு."

பிளேன்டீ வந்தது. அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தார். சபையில் என்னைக் கேட்டதற்கு மன்னிப்புக் கேட்டார். அதை நான் பெரிய மனதோடு தள்ளிவிட்டு, நடந்ததைச் சொன்னேன். நொடிக்குப் பதினொரு கிலோமீற்றரைச் சொன்னேன். தோழி சொன்னதை ஒன்றும் விடாமல் சொன்னேன். அவர் முகம் மலரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"அப்ப நான் பிழையில்ல," என்றார்.

"இல்ல நானா."

"புத்தகத்தில இருக்கிற வளைவு? அது பிழையா?"

"அதும் பிழையில்ல. ரெண்டும் ஒண்டுதான்."

"ரெண்டையும் நிறுத்துப் பாக்க ஏலாதா? இதுதான் சரியெண்டு காட்டுற மாதிரி ஒரு தராசு?"

"அப்படி ஒரு தராசு இல்ல. எப்படிப் பாத்தாலும் ஒரே விடைதான் வரும்."

நான் கொண்டுவந்த கொப்பிகளை எடுத்து முதல் பக்கத்தைத் திறந்தார். பிளேன்டீ ஆறியது. நான் எதிர்பார்த்த கண்ணீர் வரவில்லை. அவர் முகத்தில் இருந்தது கோபம் என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது.

"பிழையெண்டு சொல்லியிருந்தீங்கண்டா நான் உங்களோட சண்டை பிடிச்சிருப்பன் டீச்சர். சரியெண்டு சொல்லியிருந்தா சந்தோஷப்பட்டிருப்பன். ஒண்டுதான் எண்டு சொல்லுறீங்க. அத வெச்சு நான் என்னத்த செய்ய?"

"விடை ஒண்டுதானே நானா. எப்படிச் சொன்னா என்ன?"

நான் இலேசாகத்தான் சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எங்கள அங்க இருந்து தள்ளிவிட்டாங்க எண்டு நாங்க சொல்லுற. இங்க வந்து விழுந்தவங்க எண்டு உங்கட ஆக்கள் சொல்லுற. எண்ணிப் பாத்தா ஆக்கள் ஒண்டுதான், ஊர் ஒண்டுதான், வந்து சேந்த நாளும் ஒண்டுதான். கணக்கில ஒரு வித்தியாசமும் இல்ல. ஆனா எங்களுக்கு அது ஒண்டில்ல டீச்சர்."

அவர் மனைவி வாசல் பக்கம் பார்த்தார். நான் ஆறிய பிளேன்டீயைக் குடித்து முடித்தேன்.

வந்து விழுந்தவங்க என்ற அந்தச் சொல்லை நான் கேள்விப்படாதவள் இல்லை. தொண்ணூறில் நான் உயர்தர மாணவி. முதல் மாதங்களில் எங்கள் வீட்டிலும் பெரிய சட்டியில் சோறு ஆக்கி லொறியில் ஏற்றி அனுப்பினோம். வாப்பா தென்னந்தோட்டத்தில் கொட்டில் போட இடம் கொடுத்தார். எல்லாம் உண்மை. பிறகு குழாயடியில் வரிசை நீண்டது. பின்னேரம் எங்கள் வகுப்பறையில் அவர்களுடைய பிள்ளைகள் படித்தார்கள். ஒருநாள் என் மேசையில் யாரோ கத்தியால் ஒரு வள்ளத்தைக் கீறியிருந்தார்கள். "வந்து விழுந்ததுகளால மேசை ஒண்டும் மிஞ்சாது" என்று வகுப்பு முழுக்கக் கேட்கச் சொன்னவள் நான்தான். அதைச் சொல்லும்போது அதில் ஈர்ப்பு விதி ஏதும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அதை அவரிடம் அன்று சொல்லவில்லை. மேசையில் வள்ளத்தைக் கீறியது அவராகவும் இருக்கலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். அப்படி நினைத்தது என் ஆசை. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வந்தார்கள். வள்ளம் கீறத் தெரியாதவர்கள் அவர்களில் குறைவு.

நான் சொன்னது இவ்வளவுதான்: "நானா, எங்கட பிள்ளைகளுக்கு வந்து இத ஒருக்காச் சொல்லுவீங்களா? நான் சொல்றத விட நீங்க சொன்னா விளங்கும்."

"என்ன சொல்லோணும்? ஒண்டுதான் எண்டா?"

"உங்களுக்கு ஏன் ஒண்டில்ல எண்டத."

அவர் சம்மதித்தார். அதிபரைச் சம்மதிக்க வைப்பதுதான் கஷ்டம். வெளியாள் வகுப்பு எடுப்பதற்கு அவருக்கு என்ன தகைமை என்று எழுத்தில் கேட்டார். முப்பது வருட அனுபவம் என்று எழுதிக் கொடுத்தேன். எதில் என்று எழுதவில்லை. அதிபரும் கேட்கவில்லை.

வகுப்பு நன்றாக நடந்தது. மேல்மாடியிலிருந்து தராசைக் கைவிட்டார். இருபது கைபேசிகள் படம் பிடித்தன. அவர் வளைவையும் சொன்னார், ஓட்டத்தையும் சொன்னார். "ரெண்டுக்கும் விடை ஒண்டுதான் எண்டு டீச்சர் சொல்றாங்க. படிச்சவங்க, சொல்றது சரியாத்தான் இருக்கும். ஆனா நீங்க படுத்திருக்கிற நேரம் முதுகில என்ன தெரியுது எண்டு பாருங்க. இழுக்கிற மாதிரியா, தள்ளுற மாதிரியா?" என்று முடித்தார். பிள்ளைகள் கைதட்டினார்கள். என் துணிக்குத் தட்டியதை விடக் கூடுதலாக.

தவணைப் பரீட்சை வந்தது. மேசையில் இருக்கும் புத்தகத்தின் எடைக்குக் காரணம் என்ன என்று ஒரு கேள்வி. புள்ளித் திட்டத்தில் விடை: புவி அதன் மையத்தை நோக்கி இழுப்பதால். இரண்டு புள்ளி. வகுப்பில் மிகக் கெட்டிக்காரியான ஒருத்தி, மேசை மேல்நோக்கித் தள்ளுவதால் என்று எழுதி, வெளி ஓடுவதை அம்புக்குறி போட்டுக் கீறியும் இருந்தாள். நான் அந்த விடைத்தாளோடு நெடுநேரம் இருந்தேன். பிறகு பூச்சியம் போட்டேன்.

அவள் விடைத்தாளோடு வந்தாள்.

"இது பிழையா டீச்சர்?"

"பிழையில்ல மகள்."

"அப்ப ஏன் பூச்சியம்?"

"சரிதான். ஆனா அதுக்குப் புள்ளியில்ல."

அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் பள்ளிவாசல்துறையில் ஏற்கெனவே கண்டிருந்தேன். பெரிய பரீட்சையில் புத்தகத்தில் இருப்பதை எழுதச் சொன்னேன். எழுதினாள். நல்ல பெறுபேறு வந்தது. இப்போது பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கிறாள். அங்கே தள்ளுவதா இழுப்பதா என்று யாரும் கேட்பதில்லையாம்.

தராசுக்காரர் சில மாதம் செய்தி அனுப்பவில்லை. எனக்கு அது கொஞ்சம் வெறுமையாக இருந்தது. பிறகு ஒருநாள் அவருடைய மனைவிதான் அழைத்தார்.

"பிழையெண்டு சொல்லிட்டுப் போங்க எண்டு அண்டைக்குக் கெஞ்சினனே டீச்சர். இப்ப ரெண்டு மணிக்கூடு வாங்கி, ஒண்டக் கூரையில கட்டி, மத்தத கிணத்துக்குள்ள தொங்கவிட்டிருக்காரு. கிணத்தில தண்ணி அள்ள ஏலாம கிடக்கு."

வகுப்பு முடிந்து போகும்போது நான்தான் சொல்லியிருந்தேன், தாழ்வான இடத்தில் நேரம் கொஞ்சம் மெதுவாக ஓடும் என்று. சும்மா கதைக்குச் சொன்னது. அந்த வித்தியாசத்தை அவருடைய வாழ்நாள் முழுக்கக் கிணற்றடியில் இருந்தாலும் எந்தச் சுவர் மணிக்கூடும் காட்டாது என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

தொலைபேசியை வாங்கி அவரே பேசினார். குரலில் பழைய உற்சாகம்.

"ஒரு கிழமையில நாலு நிமிஷம் பிந்தியிருக்கு டீச்சர், கிணத்து மணிக்கூடு!"

"நானா, அது கிணத்து ஈரம். மணிக்கூட்டுக்குள்ள ஈரம் போயிருக்கும். நான் சொன்ன வித்தியாசம் அதில கோடியில ஒரு பங்கும் வராது."

"அது எனக்கும் தெரியும். திறந்து பாத்த, துருப் பிடிச்சிருக்கு." என்றார். "ஆனா பிந்தினது கிணத்து மணிக்கூடுதானே? கூரையில இருந்தது இல்லையே? பிந்தின பக்கம் சரிதானே டீச்சர்?"

ஓம் என்று சொல்வதைத் தவிர எனக்கு வேறு வழி இருக்கவில்லை. பக்கம் சரிதான்.